மியூவான் எண்ணிக்கையும் காமா கதிர் அறிதலும்: தரைக் கண்டறிகருவி அணிகள் குறித்த விளக்கம்

விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் காமா கதிர்கள் தரையை எட்டுவதில்லை. காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. செயற்கைக்கோள் வழியே நேரடியாக அறியலாம் எனினும், ஃபெர்மி விண்கலத்தின் முதன்மைக் கருவிக்குக்கூடப் பயன்படு பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரே. 100 டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் மிக அரியவை. அத்துணைச் சிறு பரப்பில் அவற்றுக்காகக் காத்திருப்பது வீண். ஆகவே காற்றுமண்டலத்தையே கருவியின் ஓர் உறுப்பாகக் கொள்ளும் தரை அணிகள் தேவைப்படுகின்றன.

ஃபோட்டான் காற்றின் அணுக்கருவை அடுத்துச் செல்கையில் எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவை மீண்டும் ஃபோட்டான்களை உமிழ, இச்சங்கிலி பெருகித் துகள் பொழிவாகத் தரையில் விழுகிறது. இப்பொழிவு மெல்லிய தட்டுப் போல ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் இறங்கும். ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், கருவிகளைத் தட்டு தொடும் நேர வேறுபாட்டிலிருந்து அது வந்த திசையைக் கணக்கிடலாம்.

உண்மையான இடர்ப்பாடு வேறு. புரோட்டான் முதலிய அண்டக்கதிர்களும் இத்தகைய பொழிவுகளையே தோற்றுவிக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையோ காமா பொழிவுகளைவிடப் பன்மடங்கு மிகுதி. மின்னூட்டம் உடையவை ஆதலால் காந்தப்புலத்தில் வளைந்து, தம் பிறப்பிடத்தைக் காட்டாமல் வந்து சேர்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் சான்று மியூவான். புரோட்டான் பொழிவில் பிறக்கும் மின்னூட்டப் பையான்கள் சிதைந்து மியூவான்களைத் தருகின்றன. காமா பொழிவில் மியூவான்கள் மிகச் சிலவே. மண்ணுக்கடியில் புதைத்த கருவிகள் எலக்ட்ரான்களை வடிகட்டி, ஊடுருவி வரும் மியூவான்களை மட்டும் எண்ணுகின்றன. காமா கதிரை அதன் வருகையால் அன்றி, மியூவானின் இன்மையால் அறிகிறோம் என்பதே இம்முறையின் சுவை.

திபெத்தின் யாங்பாஜிங்கில் அமைந்த அணி, நிலத்தடி நீர்த்தொட்டிகளைச் சேர்த்த பின்னர், 2019இல் நண்டு நெபுலாவிலிருந்து 100 டெரா எலக்ட்ரான்வோல்ட்டைக் கடந்த ஃபோட்டான்களை முதன்முதலில் அறிவித்தது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 4,410 மீட்டர் உயரத்திலுள்ள லாசோ அணி ஏறத்தாழ 1.3 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிகிறது. அதன் மியூவான் கருவிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. 2021இல் அது 12 மூலங்களை வெளியிட்டது. அவற்றுள் மிகுதியான ஆற்றல் கொண்ட ஃபோட்டான், சிக்னஸ் பகுதியிலிருந்து வந்தது, 1.4 பெட்டா எலக்ட்ரான்வோல்ட்.

இம்மூலங்கள் அனைத்தையும் புரோட்டான் முடுக்கிகள் எனக் கொள்வது அவசர முடிவாகும். நண்டு நெபுலாவின் கதிர்களை எலக்ட்ரான்களைக் கொண்டே பெரிதும் விளக்கிவிட முடிகிறது. அண்டக்கதிர்களின் பிறப்பிடத்தை உறுதிசெய்ய, மூலத்தின் நிறமாலையும் அதனைச் சூழ்ந்த வாயு முகில்களின் பரவலும் ஒப்புநோக்கப்பட வேண்டும்.

உதகையின் கிரேப்ஸ்-3 அணி 2,200 மீட்டர் உயரத்திலேயே உள்ளதால் அங்குப் பொழிவு சற்றே தேய்ந்து வருகிறது. எனினும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள, 3,712 விகித எண்ணிகளாலான மியூவான் தொலைநோக்கி அதற்கு உண்டு. மேலும், உதகை நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையளவே வடக்கே இருப்பதால், பால்வழியின் மையம் அங்கு உச்சியிலிருந்து ஏறத்தாழ 40 பாகைச் சாய்வில் கடக்கிறது. லாசோவில் அது 58 பாகையாகிறது. சாய்வு கூடக்கூடப் பொழிவு கடக்கும் காற்றின் தடிமன் கூடும்.