சுருட்டுக்கு மேலிலை தெரிந்தெடுத்தல்

சுருட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று விதமான இலைகள் இருப்பது புலப்படும். நடுவில் உடலாக அமைவது உள்ளிலை. அதனைச் சிதறாமல் இறுக்கிப் பிடிப்பது கட்டிலை. வெளியே போர்வைபோல் சுற்றப்படுவது மேலிலை. எடையில் உள்ளிலையே மிகுதி. மேலிலை மிகச் சிறு பங்கேயாகும். ஆயினும் பவுண்டுக்குப் பவுண்டு ஒப்பிட்டால் உயர்ந்த விலைக்குப் போவது மேலிலையே. வாங்குவோர் கண் முதலிற் காண்பதும், கை தொடுவதும், உதட்டிற் படுவதும் அதுவே. ஆகையால், தனக்கென ஒரு கலவை செய்விக்க விரும்பும் வியாபாரியும், அவருக்கு இலை விற்க விரும்பும் குடியானவரும் மேலிலையின் இலக்கணத்தை அறிந்திருத்தல் நலம்.

திண்டுக்கல்லின் அனுபவம்

தமிழ்நாட்டுச் சுருட்டு வெளிநாடுகளில் ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்னும் பெயராற் புகழ்பெற்றது. 1887-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றிலும் அப்பெயர் காணப்படுகின்றது. சுருட்டு சுற்றும் தொழில் திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூரில் நடைபெற்று வந்ததாயினும், அதற்கு வேண்டிய இலையிற் பெரும்பகுதி திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கங்களிலே விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டுக்கல்லிலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் சுருட்டுத் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. அவற்றுள் ஸ்பென்ஸர் கம்பெனியாரின் தொழிற்சாலை மிகவும் பெயர்பெற்று விளங்கியது.

இங்கு ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. சுருட்டுக்கு மணமும் காரமும் தந்தது திண்டுக்கல் இலை. ஆனால் உயர்ந்த ரகச் சுருட்டுகளின் மேற்போர்வைக்கு ஜாவா, சுமத்ரா ஆகிய தீவுகளிலிருந்து கப்பல் வழியாக இலை தருவிக்கப்பட்டது. தன் ஊர்ச் சுருட்டுக்குத் தன் ஊர் இலையே சட்டையாக ஆகாமற் போனதேன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே மேலிலையைத் தெரிந்தெடுக்கும் முறையை அறிவதாகும்.

மேலிலைக்கு வேண்டிய குணங்கள்

முதலாவது, இலை முழுமையாயிருத்தல் வேண்டும். உள்ளிலையில் ஒரு துளை இருந்தாற் குற்றமில்லை. மேலிலையில் புழு கடித்த துளை ஒன்று இருப்பினும், அவ்விடத்திற் காற்று புகுந்து சுருட்டு ஒருபுறமாக எரியும். உருவத்தில் ஒன்றாயிருந்தும், ஒரு துளையினால் மேலிலை விலைக்குப் போகவேண்டிய இலை உள்ளிலை விலைக்கு இறங்கிவிடுகின்றது.

இரண்டாவது, இலை மெல்லியதாயும், ஈரம் ஏற்றியபோது தோல்போல் நீண்டு கொடுப்பதாயும் இருத்தல் வேண்டும். தடித்த இலை சுற்றுங்கால் மடிப்பு விழும்; உலர்ந்தபின் வெடிக்கும். மெல்லிய இலையிற் சிக்கனமும் உண்டு. சுமத்ரா இலை ஏறத்தாழ 2 பவுண்டு, அதாவது 900 கிராம் அளவில், ஆயிரம் சுருட்டுகளுக்குப் போதும் என்பது அத்தொழிலாளர் கணக்கு. தடித்த இலையாயின் இன்னும் அதிகம் வேண்டும். ஆதலின் பவுண்டு விலையை மட்டும் பார்த்து மேலிலை வாங்குவது தவறு; ஆயிரம் சுருட்டுக்கு எவ்வளவு விலையாகும் என்று கணக்கிடுதலே முறை.

மூன்றாவது, நரம்புகள். நடு நரம்பை உருவி எடுத்தபின் ஓர் இலை வலப்பாதி, இடப்பாதி என இரண்டாகப் பிரியும். பக்க நரம்புகள் சுருட்டின் நீளவாட்டில் ஒழுங்காகப் படியவேண்டுமாதலின், ஒரு பாதியை ஒரு திசையிலும் மற்றப் பாதியை எதிர்த் திசையிலும் சுற்றுவர். நரம்பு மெல்லியதாயும், இலையின் நிறத்தினின்று வேறுபடாததாயும் இருப்பின் சுருட்டின் மேனி வழுவழுப்பாகும். தடித்த நரம்பு புடைத்துத் தோன்றுவதோடு, தாளும் இலையும் ஒட்டாததுபோல் இடைவெளி விட்டு நிற்கும்.

நான்காவது, நிறம். வெளிறிய பழுப்பு, செம்பழுப்பு, கரும்பழுப்பு என நிறம் பல படிகளாகும். பச்சை மாறாமற் சூட்டில் விரைந்து உலர்த்திய இலையும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் அதற்கு மிகுந்த கிராக்கி இருந்தது. எந்நிறமாயினும் குற்றமில்லை, ஒரு பெட்டியிலுள்ள சுருட்டுகள் யாவும் ஒரே நிறமாயிருத்தலே முக்கியம். கரு நிறம் உள்ள சுருட்டு காரம் மிகுந்ததென்று பலர் எண்ணுகின்றனர். நிறம் பெரும்பாலும் பாடஞ்செய்யும் விதத்தையும் இலை செடியில் நின்ற இடத்தையும் பொறுத்தது. காரத்தை அதுகொண்டு நிச்சயிக்க இயலாது.

ஐந்தாவதும் தலையாயதுமான குணம், எரிதல். பிற குணங்கள் யாவும் நிறைந்திருந்தும் எரியாத இலை மேலிலையாகாது. உள்ளிலை எரிய மேலிலை எரியாவிடின், சுருட்டின் நடுவிற் குழி விழுந்து, கரிய விளிம்பு எஞ்சி, அடிக்கடி அவிந்துபோகும்.

உவர் நீரின் செயல்

திண்டுக்கல் இலை மேலிலையாகாமைக்குக் காரணம் இவ்வைந்தாவது குணத்திலேதான் பெரிதும் அடங்கியிருக்கின்றது. அப்பக்கத்துப் புகையிலை பெரும்பாலும் கிணற்றுப் பாய்ச்சலில் விளைவது. பல கிணறுகளின் நீர் உவர்ப்புடையது. உவர் நீரிலுள்ள குளோரைடு உப்பைப் புகையிலைச் செடி தாராளமாக உறிஞ்சி இலையிற் சேர்த்து வைக்கும் இயல்புடையது. குளோரைடு மிகுந்த இலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நமத்து நிற்கும். தீ அதிற் பரவாது. இலையின் உலர்ந்த எடையில் குளோரின் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படின் எரிதல் குன்றும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. இதற்கு மாறாகப் பொட்டாசியம் மிகுந்த இலை நன்கு கனன்று எரியும்.

மெல்லும் புகையிலைக்கு உவர் நீர் பாதகமன்று. அனுகூலம் என்றே குடியானவர் பலர் கருதுவர். சுருட்டின் உள்ளே நிற்கும் இலைக்கும், நன்கெரியும் பிற இலைகளோடு கலக்குமிடத்து, சிறிது உவர்ப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். தனியே வெளியில் நின்று எரியவேண்டிய மேலிலைக்கு அச்சலுகை இல்லை. மேலும், திறந்த வெயிலில், நுனி கிள்ளி, கனமும் காரமும் ஏறும்படி முற்றவிடப்பட்ட இலை இயல்பாகவே தடித்திருக்கும். ஆக, உள்ளிலைக்குப் பெருமை தரும் முறைகளே மேலிலைக்குக் குறையாகின்றன. ‘ஊசிக்கப்பல்’, ‘கருங்கண்ணி’ முதலிய நாட்டு ரகங்கள் சுருட்டுக்குப் பெயர்பெற்றவையாயினும், அவற்றின் பெருமை சுருட்டின் உட்புறத்தைச் சார்ந்ததேயாம்.

நிழலில் விளையும் இலை

சுமத்ரா தீவின் டெலி என்னும் பகுதியில் 1863-ல் டச்சுக்காரராகிய நீன்ஹைஸ் என்பவர் புகையிலைச் சாகுபடியைத் தொடங்கினார். அங்குள்ள ஈரக்காற்றும் மேக மூட்டமும் இலையை மென்மையாக்கின. சில ஆண்டுகளில் அவ்விலை உலகச் சந்தையை ஆட்கொண்டது. அதனோடு போட்டியிட இயலாத அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் குடியானவர், 1900-ஆம் ஆண்டையொட்டி, வயலின் மேல் துணிப் பந்தலிட்டுச் செயற்கை நிழல் உண்டாக்கிப் பயிரிடலாயினர். பந்தலின்கீழ் வெயிலின் உக்கிரம் குறைந்து, காற்றின் ஈரம் மிகுந்து, இலை அகன்று மெலிகின்றது. காற்றினாற் கிழிவதும் குறைகின்றது.

நமது நாட்டில் இவ்வசதி இயற்கையிலேயே ஓரளவு அமைந்துள்ள இடம் வங்காளத்தின் வடபகுதி. மணற்பாங்கான நிலமும், பனிக்காலத்து ஈரமும் அங்கு உண்டு. கூச்பிகார் ஜில்லாவைச் சேர்ந்த தின்ஹட்டாவில் 1952-ல் மேலிலைப் புகையிலைக்கும் உக்காப் புகையிலைக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. ‘ரங்கபூர் சுமத்ரா’, ‘டிக்ஸி ஷேட்’ என்பவை அப்பகுதியில் மேலிலைக்கெனப் பயிராகும் ரகங்களுள் சிலவாம். நமது மாகாணத்தில் சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் 1948-ல் வேடசந்தூரில் ஏற்பட்டது.

சோதித்துத் தெரிந்தெடுக்கும் முறை

மேலிலை வாங்குவோர் பின்வரும் சோதனைகளைத் தாமே செய்து பார்க்கலாம். இவற்றுக்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை.

1. இலையை இலேசாக நீர் தெளித்து, மூடிவைத்து, ஈரம் சமமாகப் பரவியபின் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கவேண்டும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவாளர் துணியை வெளிச்சத்திற் பிடித்து இழைக்குறை காண்பதுபோல, இலையிலுள்ள ஊசித்துளை, பூஞ்சணப் புள்ளி, கீறல் ஆகிய யாவும் அப்போது வெளிப்படும்.

2. ஈரமுள்ள இலையை இரு கைவிரல்களாற் பிடித்து மெல்ல இழுக்கவேண்டும். நல்ல இலை நீண்டு கொடுத்து, விட்டவுடன் சற்றே சுருங்கும். கிழியும் இலை பாடத்தில் மிகையாக வெந்தது அல்லது செடியிலேயே நைந்தது.

3. உலர்ந்த இலைத் துண்டைக் கனலும் திரியினால் தொட்டு, சுவாலையின்றித் தணல் எவ்வளவு நேரம் நிற்கின்றதென்று எண்ணவேண்டும். ஒரே நாளில், ஒரே ஈரப்பதத்தில், எல்லா மாதிரிகளையும் சோதித்தாலன்றி ஒப்பீடு பயன்படாது. தணல் உடனே அவியும் இலையை, எத்துணை அழகியதாயினும், தள்ளிவிடுதலே நன்று. சாம்பல் வெண்மையாகவும் உதிராமலும் நிற்பது நற்குறி.

4. இறுதியில், ஒரே உள்ளிலைக் கலவையைக்கொண்டு, ஒரே பருமனில், மேலிலையை மட்டும் மாற்றிச் சில சுருட்டுகள் சுற்றி, எண்ணிட்டு, சில வாரம் ஆறவைத்துப் பின்னர் ஒப்பிடவேண்டும். உள்ளிலையையும் மேலிலையையும் ஒருங்கே மாற்றினால் எந்த மாற்றம் எதனால் வந்ததென்று அறிய வழியில்லை.

சுருட்டின் பருமனும் கருதத்தக்கது. மேலிலையின் அளவு சுற்றளவைப் பொறுத்தது. உள்ளிலையின் அளவோ குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆகையால் சுருட்டின் குறுக்களவு பாதியானால், உள்ளிலையோடு ஒப்பிடுங்கால் மேலிலையின் பங்கு இரட்டிக்கும். பருமனான சுருட்டில் மேலிலையின் சுவை அடங்கி நிற்கும். மெல்லிய சுருட்டில் அதுவே மேலோங்கும். மெல்லிய சுருட்டுக்குக் காரமற்ற இனிய மேலிலையையும், பருமனான சுருட்டுக்கு எரிதலும் தோற்றமும் சிறந்த இலையையும் நாடவேண்டும். காரம் மிகுந்த திண்டுக்கல் உள்ளிலைக்கு, தன் சுவையை வலியுறுத்தாத மெல்லிய மேலிலை பொருந்தியதன் காரணமும் இதனால் விளங்கும்.

குடியானவர் கவனிக்கவேண்டியவை

மேலிலை விலையை எதிர்பார்ப்பவர் அறுவடையின்போதன்று, நாற்று விடுமுன்னரே அதைத் தீர்மானித்தல் வேண்டும். முதலிற் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிக் குளோரைடு அளவை அறியவேண்டும். நீர் உவர்ப்பாயின் மேலிலை முயற்சியை விட்டுவிடுதலே இலாபம். எவ்வளவு எருவிட்டாலும், எவ்வளவு நன்றாகப் பாடஞ்செய்தாலும் அக்குறை நீங்காது. அத்தகைய நிலத்தில் நல்ல உள்ளிலை விளைவித்துப் பெயர்பெறுவது மதிப்பில் தாழ்ந்ததன்று.

நீர் நல்லதாயின், குளோரைடு கலந்த பொட்டாஷ் உரத்தை நீக்கி, சல்பேட் பொட்டாஷை உபயோகிக்கவேண்டும். நடவு சற்று நெருக்கமாயிருக்கலாம். நுனியைத் தாமதித்தும் உயர்த்தியும் கிள்ளவேண்டும். முன்னதாகத் தாழக் கிள்ளினால் இலை தடிக்கும். செடியை அடியோடு வெட்டாமல், முதிர்ந்து இலேசாக வெளிறிய இலைகளைக் கீழிருந்து மேலாகச் சிலசிலவாகப் பறித்து, நூலிற் கோத்து, காற்றோட்டமுள்ள நிழற்கொட்டகையில் உலர்த்தவேண்டும். செடியின் இடைப்பகுதி இலையே பெரும்பாலும் மேலிலைக்கு ஏற்றது. புழுத் தாக்குதலை நாள்தோறும் கண்காணிக்கவேண்டும்; ஒரு புழுவின் ஓரிரவு உணவு ஓர் இலையின் விலையைக் கெடுத்துவிடும்.

பனி ஈரம் உலருமுன் இலை பறிப்பதைத் தவிர்க்கவேண்டும். ஈர இலையினின்று நிகோட்டின் தோல்வழியே ஏறிப் பறிப்போருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவித்தல் நிலச்சொந்தக்காரரின் கடமையாகும்.

சுருட்டும் பிற புகையிலைப் பொருள்களைப் போலவே புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் காரணமாவது என்பது இப்போது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கின்றது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தியுள்ளது. எனவே இப்பயிரைப் புதிதாக மேற்கொள்ள நினைப்போர், உவர் நீர் இல்லாத நல்ல நிலத்தில் வேறு பயிர் எவ்வளவு வருமானம் தரும் என்பதையும் உடன் கணக்கிடல் வேண்டும். மேலிலைக்குத் தகுதியான நிலமும் நீரும் காய்கறிக்கும் பூவுக்கும் பிற பணப்பயிர்களுக்கும் தகுதியானவையே. ஏற்கெனவே இப்பயிரை நம்பியிருப்போர், தங்கள் நிலம் உள்ளிலை தருவதா, மேலிலை தருவதா என்று முன்கூட்டி அறிந்து, அதற்கேற்ப உழைப்பையும் பணத்தையும் செலவிடுவாராயின், தரகர் முன் இலையை விரிக்கும் நாளில் ஏமாற்றம் நேராது.