விமானி ஆகலாமா? வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து தமிழகத்தின் முதல் மாவட்டமாக இருந்தது விருதுநகர். இயற்பியலும் கணிதமும் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரும் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. மருத்துவம், பொறியியல் என்ற வழக்கமான ஆசைகளோடு இப்போது பைலட் வேலையும் சேர்ந்திருக்கிறது. மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அங்கே ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. ஆனாலும் பிள்ளை ஆசையைச் சொன்னதும் பெற்றோருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: “கம்பெனி கம்பெனியா மூடிட்டுப் போறாங்களே, இவ்வளவு பணத்தைக் கொட்டி இதைப் படிக்கணுமா?”

கேள்வி நியாயமானது. விமானத் தொழில் நிலையற்றது என்பதில் சந்தேகமில்லை. அந்த நிலையின்மை யாரை, எந்தக் கட்டத்தில் அடிக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் முடிவெடுக்க முடியும்.

மூடியவை எத்தனை!

1990-களில் தனியாருக்கு வானம் திறந்துவிடப்பட்டபோது ஈஸ்ட்-வெஸ்ட், மோடிலுஃப்ட், சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. எனப் பல நிறுவனங்கள் கிளம்பின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்றுமே நின்றுபோயின.

‘சூரரைப் போற்று’ படத்தின் நாயகன் சோழவந்தான்காரன். அந்தக் கதைக்கு அடிப்படையான ஏர் டெக்கான் நிறுவனத்தை கேப்டன் கோபிநாத் 2003-ல் தொடங்கினார். படம் வெற்றியோடு முடிந்துவிடும். நிஜத்தில், ஐந்தே ஆண்டுகளில் ஏர் டெக்கான் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. கிங்ஃபிஷர் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் தத்தளித்தது; 2012 அக்டோபரில் அதன் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு ஜெட் ஏர்வேஸ் பறப்பது நின்றது. 2023 மே 3-ம் தேதி கோ ஃபர்ஸ்ட் நின்றது. நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று 2005-ல் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸ், 2010-ல் தரையிறங்கியது.

இதே காலத்தில்தான் 2006-ல் தொடங்கிய இண்டிகோ நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்தது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15-20 ஆண்டுகளில் இந்தியாவுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய அமைச்சர் ராம்மோகன் நாயுடு சொல்லியிருக்கிறார். நிறுவனங்கள் சாகின்றன, தொழில் வளர்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சிவகாசிக்குத் தெரிந்த பாடம்

நிலையற்ற தொழிலைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததும், சிவகாசியின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கொரோனா ஆண்டில் பல மாநிலங்கள் தீபாவளிப் பட்டாசுக்கே தடை போட்டன. ஆண்டு முழுக்க உற்பத்தி, வரவோ ஒரே சீசனில் என்று ஓடும் இந்தத் தொழிலில், கையிருப்பு உள்ளவர் ஒரு மோசமான ஆண்டைத் தாண்டிவிடுகிறார். முழுத் தொகையையும் வட்டிக்கு வாங்கிப் போட்டவருக்கு அதே ஆண்டு மீள முடியாத அடியாகிறது. விமானி வேலைக்கும் இதே கணக்குதான்.

ஆபத்து எந்த இடத்தில்?

நிறுவனம் மூடினால் விமானியின் வாழ்க்கையே முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் போயிங் 737 விமானங்கள் பலவற்றை ஸ்பைஸ்ஜெட் குத்தகைக்கு எடுத்தது. ஜெட்டின் விமானிகளையும் வேலைக்கு எடுத்தது. கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது ஏர்பஸ் ஏ320 ரகம். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஓட்டுவது அதே ரகம்தான். அதனால் அதன் விமானிகள் பலர் வேறு நிறுவனங்களுக்கு மாற முடிந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விமானி உரிமம் இருந்தாலே எந்த விமானத்தையும் ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் ‘டைப் ரேட்டிங்’ என்ற தனிப் பயிற்சி வேண்டும். பாரமவுன்ட் ஓட்டியது எம்ப்ரேயர் 170, 175 ரகங்கள். அது நின்றபோது நாட்டின் பெரிய நிறுவனங்கள் எதிலும் அந்த ரகம் இல்லை. வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் வேறு ரகத்துக்கு மீண்டும் பயிற்சி எடுத்தாக வேண்டும். ஆக, அனுபவமும், பரவலாகப் புழங்கும் ரகத்தில் பயிற்சியும் இருப்பவருக்கு நிறுவனத்தின் மரணம் சில மாதச் சோதனை. சம்பள பாக்கி வராமலே போகலாம், ஊர் மாற வேண்டியிருக்கலாம்; ஆனாலும் அவருக்குத் தொழில் கையில் இருக்கும்.

உண்மையான பள்ளம் இன்னும் முன்னால் இருக்கிறது. உரிமம் வாங்கிய நாளுக்கும் முதல் வேலை கிடைக்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலம்தான் அது. வணிக விமானி உரிமத்துக்கு (சி.பி.எல்.) 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பில் இருந்து ஓட்டியதாக இருக்க வேண்டும். அதை முடித்தவர்களுக்கு 2023-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 1,622 உரிமங்களை வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு 1,165. உரிமங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன, வேலைக்கு ஆள் எடுப்பதோ அலை அலையாகத்தான் நடக்கிறது. ஒரு நிறுவனம் மூடினால், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலிகள் சந்தைக்கு வந்துவிடுவார்கள். 200 மணி நேரக்காரர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார்.

2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை நாடே பார்த்தது. விமானி பற்றாக்குறை என்று தலைப்புச் செய்திகள் வந்தன. பயிற்சி முழுதாக முடித்து உடனே ஓட்டக்கூடியவர்களுக்குத்தான் அந்தப் பற்றாக்குறை. அதே மாதத்தில் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்த இளைஞர்களும் இருந்தார்கள்.

செலவும் வட்டியும்

இன்றைய நிலவரத்தில் சி.பி.எல். பயிற்சிக்கு மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆகிறது. டைப் ரேட்டிங்குக்கு மேலும் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது.

50 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு, பத்தாண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 69,000 ரூபாய் கட்ட வேண்டும். கோ-பைலட்டாக வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சம்பளத்தில் இதைச் சமாளித்துவிடலாம். வேலை ஓர் ஆண்டு தள்ளிப்போனால் வட்டி மட்டும் ஐந்தரை லட்சம் ஏறும். காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான ரேட்டிங்கையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேலான கடனுக்குச் சொத்து அடமானம் வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணைக்கு விலக்கு. அந்தக் காலத்திலும் வட்டி ஏறும். குடியிருக்கும் ஒரே வீட்டின் பத்திரம்தான் அடமானம் என்றால், பிள்ளையின் வேலைச் சந்தையை நம்பி மொத்தக் குடும்பத்தின் கூரையையும் வைக்கிறோம் என்றுதான் பொருள்.

இறங்குவதென்றால் எந்த வரிசையில்?

முதலில் மருத்துவச் சோதனை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பணம் கட்டிய பிறகு சோதனைக்குப் போய்த் தகுதி இழந்தால் நஷ்டம் முழுக்க நம்முடையது. டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு முதல் வகுப்புச் சோதனை. பெங்களூரு விமானப்படை மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதல் வகுப்புச் சோதனை நடக்கிறது. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். பச்சையும் சிவப்பும் கலங்கித் தெரிந்தால் அங்கேயே கதவு மூடிவிடக்கூடும். கண்ணாடி போட்டிருப்பது மட்டும் தடை ஆகாது. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இந்தச் சோதனை, பல லட்சத்தைக் காப்பாற்றும்.

அடுத்து எழுத்துத் தேர்வுகள். விமான வழிநடத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். பறக்கத் தொடங்கும் முன்பே இவற்றை எழுதலாம். பறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் சிறிது. இந்தத் தாள்களை ஊரில் இருந்தபடியே படித்துத் தேறிவிட்டால், பிள்ளையின் ஆசை எவ்வளவு ஆழமானது என்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் விளங்கிவிடும். ரேடியோவில் பேசுவதற்கான ஆங்கிலத்தையும் இதே காலத்தில் பழகிக்கொள்ளலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் இதற்கு அஞ்ச வேண்டாம். கேட்பதும் அளவாகப் பேசுவதும் பழக்கத்தில் வந்துவிடும்.

மூன்றாவது, பயிற்சிப் பள்ளி. 2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. மிக உயர்ந்த தரத்தை எந்தப் பள்ளியும் பெறவில்லை. எத்தனை விமானங்கள் ஓடும் நிலையில் இருக்கின்றன, எத்தனை பயிற்றுநர்கள், ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று நேரில் போய், அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்க வேண்டும். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டவே கூடாது. வெளிநாட்டில் படித்தால் பயிற்சி விரைவாக முடியலாம். ஆனால் திரும்பி வந்து அங்கே பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற மறுபடி தேர்வு உண்டு. வேலைக்கு உத்தரவாதம் என்று வாயால் சொல்லும் ஏஜெண்டிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

பணம் இல்லாத வீட்டுக்கு

ஆசைக்கும் திறமைக்கும் வசதி ஒரு தடையாக இருக்கக் கூடாது. அரசே செலவு செய்து பறக்கக் கற்றுத்தரும் வழி இந்திய விமானப்படை. பிளஸ் டூ முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான (என்.டி.ஏ.) தேர்வு, பட்டம் முடித்ததும் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு (ஏ.எஃப்.கேட்). 2022 முதல் என்.டி.ஏ.வில் பெண்களும் சேர்கிறார்கள். விமானம் ஓட்டும் பிரிவுக்கான கணினிவழித் திறனறிச் சோதனையில் வாழ்நாளில் ஒரே முறைதான் பங்கேற்க முடியும் என்பதால் தயாராகிப் போக வேண்டும். விமானப்படையில் பணியாற்றிய பலர் பிறகு பயணிகள் விமானங்களுக்கு வந்திருக்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வும் இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் அங்கும் கட்டணம் 40 லட்சத்துக்கு மேல். விமானத் துறையில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணி இருக்கிறது. இயற்பியலும் கணிதமும் கொண்ட பி.எஸ்சி. பட்டதாரியும், பொறியியல் பட்டதாரியும் அந்தத் தேர்வை எழுதலாம். நிறுவனங்கள் வந்து போனாலும் அந்த நாற்காலி அரசுடையது.

யார் போகலாம், யார் பொறுத்திருக்கலாம்?

மருத்துவச் சான்று கிடைத்து, தாள்களையும் முடித்து, பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வேலை கிடைக்காமல் போனாலும் தவணையைக் கட்டும் வலு உள்ள குடும்பம் துணிந்து இறங்கலாம். நிறுவனங்கள் மூடுவதைக் கண்டு பின்வாங்கத் தேவையில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைத் தாங்க முடியாத குடும்பம் இன்றைக்கே கையெழுத்திட வேண்டாம். முதலில் ஒரு பட்டத்தை முடிக்கட்டும். விமானம் ஓட்டக் கிடைக்காத நாளில் சோறு போடும் இன்னொரு தொழிலாக அந்தப் பட்டம் இருக்கும்.

பொறுத்திருப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. சி.பி.எல். உரிமம் வாங்கக் குறைந்தபட்ச வயது 18. இந்தியாவில் வணிக விமானி 65 வயது வரை ஓட்டலாம். 22 வயதில் பட்டத்தோடும் கொஞ்சம் சேமிப்போடும் தொடங்குகிற பிள்ளைக்கு முன்னால் இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த நாற்பது ஆண்டுகளில் நாலைந்து நிறுவனங்கள் மூடலாம், நாலைந்து பிறக்கலாம். தொடக்கத்திலேயே கடனில் மூழ்காதவர் அத்தனையையும் தாண்டி வேலையில் நிலைப்பார்.