கொத்தவரங்காயும் எரிவாயுக் கிணறும்

அம்மா கொத்தவரங்காய்ப் பொரியல் செய்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பவள் நான். சென்ற பருவத்தில் அதே காய் எனக்குப் பாடமாக வந்தது.

ரசாயனப் பொறியியல் இரண்டாம் ஆண்டில், பாறையைப் பிளக்கும் திரவங்கள் பற்றி எங்கள் குழு ஒரு படைப்பு செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஷேல் பாறைக்குள் அடைபட்டிருக்கும் இயற்கை எரிவாயுவை எடுக்க, நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். அழுத்தம் குறைந்ததும் பிளவு மூடிக்கொள்ளும். அதனால் நீரோடு மணலையும் அனுப்பி முட்டுக் கொடுக்கிறார்கள். வெறும் நீரில் மணல் சீக்கிரம் அடியில் தங்கிவிடும். நீரைக் கெட்டியாக்க நெடுங்காலமாகப் பயன்படுவது குவார் பசை. அதாவது, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் மாவு!

ஆய்வுக்கூடத்தில் அந்த மாவை நீரில் கலக்கி, சிறிது போராக்ஸ் கரைசல் சேர்த்தோம். ஜெல்லி போலத் திரண்டது. கைதட்டினோம். "சரி, இப்போது இதை மீண்டும் நீராக்குங்கள்" என்றார் விரிவுரையாளர்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கூழ் பிளவிலேயே தங்கினால், எரிவாயு வரும் வழியை அதுவே அடைத்துவிடும். வினிகர் ஊற்றினோம், இளகியது. ஆனால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் யார் போய் வினிகர் ஊற்றுவது? நொதியையோ பெர்சல்பேட்டையோ முன்கூட்டியே கலந்து, மணல் போய்ச் சேர்ந்த பிறகே கூழ் உடையுமாறு செய்ய வேண்டும். எங்கள் முதல் கலவை மிக விரைவில் உடைந்தது. இரண்டாவது மறுநாள் காலையிலும் அசையவில்லை. சரியாக உடைந்தாலும் குவார் கொஞ்சம் கசடை விட்டுச் செல்லும்.

1990களின் பிற்பகுதியில் டெக்சஸின் பார்னெட் ஷேலில் மிட்சல் எனர்ஜி நிறுவனம் கூழைக் கைவிட்டு, உராய்வைக் குறைக்கும் பொருள் சிறிதளவு கலந்த நீரையே வேகமாகச் செலுத்திப் பார்த்தது. செலவு குறைந்தது, எரிவாயுவும் நன்றாக வந்தது. ஆனால் இம்முறைக்கு நீர் ஏராளமாகத் தேவை. இன்று ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் லிட்டர்.

கூழ் முறையும் மறைந்துவிடவில்லை. உலகக் குவாரில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானில் விளைகிறது. அமெரிக்கக் கிணறுகளின் தேவையால் 2012இல் அதன் விலை பல மடங்கு ஏறியது. விவசாயிகள் கூடுதல் நிலத்தில் விதைத்தார்கள். நிறுவனங்களோ மாற்றுப் பொருள் தேடின. விலை விழுந்தது.

எங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் செலவு, கசடு, நீர் என மூன்று பத்திகள் இருந்தன. "யார் விளைவிக்கிறார்கள்?" என்று நான்காவதைச் சேர்த்தேன். அதற்கு மதிப்பெண் கிடையாது என்றான் குழு நண்பன். உண்மைதான், கிடைக்கவில்லை.