வேலியோரச் சீமைக்கிளுவை

பருவமழை பிந்துவதும், பெய்தால் அளவிறந்து பெய்வதும் கமக்காரர் இன்று காணும் இடர்களாகும். 2016/17 காலபோகத்தில் மழை பொய்த்தமையால் நாட்டின் நெல்விளைவு பெரிதும் குன்றியது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதனை மட்டும் நம்பியிருந்தோர் இடர்ப்பட்டனர். இவ்விரு இடர்களையும் ஓரளவு தாங்குதற்கு வேலியோர மரங்கள் உதவும்.

சீமைக்கிளுவை அவரைக் குடும்பத்து மரம். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிக்கொள்கின்றன. ஆதலின் அதன் குழை சிறந்த பசளையாகின்றது.

நடுகை: மாரிமழை தொடங்கியதும், முற்றிய கிளைகளை 5 அல்லது 6 அடி நீளமாக வெட்டி, ஒன்றரை அடி ஆழத்திற் கதியாலாக நடுக. முதலாண்டிற் குழை வெட்டலாகாது; வேர் ஊன்ற அவகாசம் வேண்டும்.

குழை தாழ்த்தல்: நாற்று நடுவதற்கு இரு வாரங்களுக்கு முன், குழையை வயலிற் பரப்பிச் சேற்றுழவில் தாழ்க்க வேண்டும். மிளகாய், கத்தரித் தோட்டங்களிற் செடியடியில் மூடுபடையாக இட்டால், வெயிலால் ஈரம் வற்றுவது குறையும், இறைப்பும் மிச்சமாகும். வேலி வறண்ட காற்றின் வேகத்தையும் தணிக்கும். குழையை வாடவிட்டு ஆடுமாடுகளுக்கும் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை: கிளைகளைக் காலந்தோறும் தறியாதுவிடின், நிழல் விழுந்து பயிர் நலியும். குழை நைதரசனை ஈந்தாலும், பயிர் வேண்டும் பொசுபரசு, பொற்றாசியம் முழுவதையும் ஈயாது. மண்ணைப் பரிசோதித்து அவற்றை இடுதல் நன்று.

கதியாலை அயலவரிடமே பெறலாம், செலவு சிறிது. மேலதிக விபரங்களைத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.