கதைகளுக்கு 1925-இல் பதக்கம், கதைக்கு உரியோருக்கு 2016-இல்: அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் லத்தீன் வழி எழுத்தாளர்கள்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1968-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வார நிகழ்வாகத் தொடங்கிய இது, 1988-இல் ஒரு மாதமாக நீட்டிக்கப்பட்டது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகரகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாள் செப்டம்பர் 15 என்பதால், ஒரு மாதத்தின் நடுவில் தொடங்கி அடுத்த மாதத்தின் நடுவில் இது முடிகிறது. இக்காலத்தில் பள்ளிகளும் பொது நூலகங்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எழுதிய சிறார் நூல்களை முன்வரிசையில் அடுக்கி வைக்கின்றன. எஞ்சிய பதினொரு மாதங்களில் அந்நூல்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வியை அங்குள்ள நூலகர்களும் எழுத்தாளர்களும் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர்.

கேள்விக்குக் காரணம் எண்ணிக்கையில் உள்ளது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இச்சமூகத்தினர் 6.21 கோடி பேர். அதாவது மொத்த மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ நான்கில் ஒருவர். ஆனால், விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் கூட்டுறவு மையம் 2018-ஆம் ஆண்டுக்குத் திரட்டிய தரவுகளின்படி, சிறார் நூல்களில் லத்தீன் வழிக் கதைமாந்தர்களைக் கொண்டவை 5 விழுக்காடு மட்டுமே. விலங்குகள் முதலானவற்றைக் கதைமாந்தராகக் கொண்டவையோ 27 விழுக்காடு. நூலகத்துக்குச் செல்லும் ஒரு மெக்சிகோ வம்சாவளிக் குழந்தை, தன்னைப் போன்ற ஒரு குழந்தையைவிடக் கரடியையோ முயலையோ எளிதில் சந்தித்துவிடும்.

பெயரில் ஒரு சிக்கல்

இவர்களை எப்படி அழைப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பானிய மொழியில் ஆணைக் குறிக்க 'லத்தீனோ', பெண்ணைக் குறிக்க 'லத்தீனா' எனச் சொல் மாறும். இருபாலரும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் வடிவமே வழங்கும். இதைத் தவிர்க்கவே 'லத்தீனெக்ஸ்' என்ற சொல் பல்கலைக்கழகங்களிலும் பதிப்புத் துறையிலும் பரவியது. மக்களிடம் அது பரவவில்லை. பியூ ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், தம்மைக் குறிக்க அச்சொல்லைப் பயன்படுத்துவோர் 3 விழுக்காட்டினர் மட்டுமே. 2024-இல் 4 விழுக்காட்டினர். தமிழில் மொழிபெயர்ப்போருக்கு இத்தொல்லை இல்லை. 'எழுத்தாளர்' என்ற சொல் பால் வேறுபாடின்றி அனைவரையும் குறிக்கும். இக்கட்டுரையில் 'லத்தீன் வழி எழுத்தாளர்' என்றே குறிப்பிடப்படுகிறது.

நூலகத்தில் தொடங்கிய மரபு

இவ்வகை இலக்கியத்தின் தொடக்கத்தைத் தேடினால் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் உள்ள ஒரு நூலகக் கிளைக்குச் செல்ல வேண்டும். கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிகோவின் சித்ரா என்னும் ஊரில் பிறந்தவர் புரா பெல்ப்ரே. சகோதரியின் திருமணத்துக்காக நியூயார்க் வந்த அவர் அங்கேயே தங்கி, 1920-களில் நகரப் பொது நூலகத்தின் 135-ஆவது தெருக் கிளையில் பணியில் சேர்ந்தார். அந்நூலகத்தின் முதல் புவேர்ட்டோ ரிகோ நூலகர் அவரே.

நாட்டுப்புறக் கதை அடுக்குகளில் பல நாட்டுக் கதைகள் இருந்தன. அவருடைய தீவின் கதைகள் இல்லை. தம் பாட்டி சொன்ன கதை ஒன்றை, மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சியும் பெரெஸ் என்ற எலியும் காதலித்த கதையை, அவர் தாமே எழுதினார். 1932-இல் 'பெரெஸும் மார்ட்டினாவும்' என்ற பெயரில் அது நூலாக வந்தது. பின்னர் 115-ஆவது தெருக் கிளையில் ஸ்பானிய மொழியில் கதை நேரம் நடத்தினார். சனவரி 6-ஆம் நாள் வரும் மூவரசர் திருநாளை நூலகத்துக்குள்ளேயே கொண்டாடினார். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் தம் குழந்தைகளுடன் அங்கு வந்தனர். நூலகம் தமக்கும் உரியது என அவர்கள் அறிந்தது கதைகளின் வழியே என்பதுதான் இவ்வரலாற்றின் முதன்மைச் செய்தி. முதுமையிலும் தெற்கு பிராங்ஸ் பகுதியில் பொம்மலாட்டம் வழியாகக் கதை சொன்ன அவர், 1982-இல் காலமானார்.

அவர் பெயரில் 1996-இல் விருது ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் சேவைப் பிரிவும், ஸ்பானிய மொழி பேசுவோருக்கான நூலகச் சேவையை வளர்க்கும் 'ரிஃபார்மா' அமைப்பும் இணைந்து இதனை வழங்குகின்றன. எழுத்துக்கான முதல் பதக்கத்தை ஜூடித் ஓர்டிஸ் கோஃபர் பெற்றார். ஓவியத்துக்கான முதல் பதக்கம் சூசன் குவேராவுக்குக் கிடைத்தது.

'பற்றி' என்பதும் 'எழுதியவர்' என்பதும்

தனி விருது எதற்கு என்று கேட்போர் உண்டு. நியூபெரி பதக்கத்தின் வரலாறே அதற்கு விடை. 1922 முதல் வழங்கப்படும் அப்பதக்கம், அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசு. 1925-இல் அதனைப் பெற்ற நூல், மத்திய, தென் அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பு. தொகுத்தவர் இங்கிலாந்தில் பிறந்த சார்லஸ் ஃபிங்கர். 1953-இல் பெருவின் இன்கா மரபுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஆன் நோலன் கிளார்க் எழுதிய நூலுக்கும், மறு ஆண்டு நியூ மெக்சிகோவின் ஆட்டிடையர் குடும்பத்தைப் பற்றி ஜோசப் கிரம்கோல்டு எழுதிய நூலுக்கும் அதே பதக்கம் கிடைத்தது. அந்நூல்களின் தரத்தை இங்கு யாரும் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், லத்தீன் வழி எழுத்தாளர் ஒருவர் முதன்முதலாக அப்பதக்கத்தைப் பெற்றது 2016-இல்தான்.

அவர் மாட் டி லா பெனா; நூல் 'மார்க்கெட் தெருவின் கடைசி நிறுத்தம்'. சுவையான செய்தி என்னவெனில், அது லத்தீன் வழிக் குழந்தையைப் பற்றிய கதை அன்று. தேவாலயத்திலிருந்து பாட்டியுடன் பேருந்தில் ஏறி, ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடத்துக்குச் செல்லும் ஒரு கறுப்பினச் சிறுவனின் கதை. கிறிஸ்டியன் ராபின்சன் ஓவியம் தீட்டினார். எழுத்தாளர் தம் இனத்தைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் இந்நூல் மறுத்தது.

அதன்பின் இடைவெளி சுருங்கியது. கியூபா வம்சாவளியினரான மெக் மெதினா 2019-இல் நியூபெரி பதக்கம் பெற்றார். தெற்கு ஃபுளோரிடாவில் தனியார் பள்ளியில் உதவித்தொகையுடன் பயிலும் மெர்சி என்ற சிறுமி, நினைவை இழந்து வரும் தாத்தாவைக் கண்டு குழம்புவதை அந்நாவல் சொல்கிறது. மெதினா 2023-24-ஆம் ஆண்டுகளில் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராகவும் இருந்தார். 2022-இல் டோனா பார்பா இகேராவின் அறிவியல் புனைவு நியூபெரி, பெல்ப்ரே ஆகிய இரு பதக்கங்களையும் வென்றது. வேற்றுக் கோளில் விழித்தெழும் சிறுமி ஒருத்திக்கு மட்டுமே பூமியின் நினைவு எஞ்சியிருக்கிறது. பாட்டி சொன்ன கதைகளே அவளுடைய சொத்து.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, இன்றும் வகுப்பறைகளில் பரவலாகப் படிக்கப்படும் நாவல் ஒன்று உண்டு: பாம் முன்யோஸ் ரயன் 2000-இல் வெளியிட்ட 'எஸ்பெரான்சா ரைசிங்'. எழுத்தாளரின் பாட்டியின் வாழ்வைத் தழுவியது. மெக்சிகோவின் பண்ணை வீட்டில் செல்வமாக வளர்ந்த சிறுமி, தந்தையை இழந்து, 1930-களில் கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து சேர்கிறாள். இயல்களுக்குக் காய்கனிகளின் ஸ்பானியப் பெயர்களே தலைப்பு. திராட்சையில் தொடங்கி, அறுவடைகளைக் கடந்து, மீண்டும் திராட்சையில் முடிகிறது. பெருமந்தக் காலத்தில் பல லட்சம் மெக்சிகோ வம்சாவளியினர், அமெரிக்கக் குடிமக்களையும் உள்ளடக்கி, நாட்டை விட்டு அனுப்பப்பட்ட வரலாற்றையும் இந்நூல் சிறார்க்கு எடுத்துச் சொல்கிறது.

தாங்கி நின்ற சிறு பதிப்பகங்கள்

பெரிய பதிப்பகங்கள் தயங்கிய காலத்தில் இந்நூல்களை வெளியிட்டவை சிறு பதிப்பகங்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1975-இல் தொடங்கப்பட்ட சில்ட்ரன்ஸ் புக் பிரஸ், ஒரே பக்கத்தில் இரு மொழிகளையும் அச்சிட்டது. பண்ணைத் தொழிலாளர்களின் மகனான ஹுவான் ஃபெலிப்பே எரேராவின் சிறார் நூல் 1995-இல் அங்கிருந்து வந்தது; அவரே 2015-இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார். ஹூஸ்டனின் ஆர்த்தே பூப்லிகோ பதிப்பகம் 1994-இல் சிறார் நூல்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. சில்ட்ரன்ஸ் புக் பிரஸ் 2012-இல் நியூயார்க்கின் லீ அண்ட் லோ நிறுவனத்தின் வசம் சென்றது. எல் பாசோ நகரின் சின்கோ புந்தோஸ் பிரஸ் 2021-இல் அதே நிறுவனத்துடன் இணைந்தது.

நூல் அச்சாவதோடு தடைகள் தீர்ந்துவிடுவதில்லை. அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ-அமெரிக்க ஆய்வுப் பாடத்திட்டம் 2012 சனவரியில் நிறுத்தப்பட்டு, அதன் நூல்கள் சில வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டன. அதற்கு அடிப்படையான மாநிலச் சட்டம் இனப் பாகுபாட்டு நோக்குடன் இயற்றப்பட்டது என 2017-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார்.

தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்பட்ட புரா பெல்ப்ரே விருது 2009 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. 2021-இல் பதின்வயதினர் நூல்களுக்கான பிரிவும் சேர்க்கப்பட்டது. நியூபெரி, கால்டிகாட் பதக்கங்களுடன் சேர்த்து வழக்கமாகச் சனவரி மாத இறுதியில் இவ்விருது அறிவிக்கப்படுகிறது.