பாதி வளர்ந்த நாய் வாசலுக்கு வந்தால்



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ பேசப்போவதில்லை. தோட்டத்துக் காவலுக்கு நாய் வளர்க்கிறோமே, அதிலே ஒரு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். குட்டியிலிருந்து வளர்ப்பது உங்களுக்கே தெரியும். வேறு யாரோ வாங்கி, வளர்க்க முடியாமல் கைவிட்ட எட்டு மாத, பத்து மாத நாய் நம்மிடம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. டவுனில் இருப்பவர்கள் ராஜபாளையம் நாய்க்குட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் போகிறார்கள். பால் வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு, யாருக்குத்தான் ஆசை வராது? 2005ஆம் ஆண்டு தபால் தலையில்கூட இந்த நாயின் படத்தைப் போட்டார்கள். ஆனால் ஆறேழு மாதத்தில் அது நம் தொடை உயரம் வந்துவிடும். இரண்டு அறை வீட்டில் எங்கே வைப்பது? மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். அது நாள் பூராவும் குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கடைசியில், "தோட்டத்துல விட்டா ஓடியாடிப் பிழைச்சுக்கும்" என்று நம்மிடம் கொண்டுவந்து தள்ளுவார்கள். சிலர் அதுகூடச் செய்யாமல் ராத்திரியில் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாள் கணக்காகச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

கோம்பை நாய்க்கும் சிப்பிப்பாறை நாய்க்கும் இதே கதைதான். காவலுக்கும் வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ஜாதிகள் இவை. ஓடுவதைக் கண்டால் துரத்து, அந்நியனைக் கண்டால் நம்பாதே என்பது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது.

அப்படி வருகிற நாயை வாங்கலாமா, கூடாதா? வாங்கலாம். ஆனால் நாய் வளர்த்துப் பழகிய கை வேண்டும். இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்து மாத ஆண் நாய் என்னிடம் வந்தது. "ஆளைப் பிடிக்குது, வேணும்னா வெச்சுக்குங்க, இல்லேன்னா எங்கேயாவது விட்டுடறோம்" என்றார்கள். கழுத்தில் சங்கிலி அறுத்த புண். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை நாய் வளர்த்தவன், இதை வளர்க்க மாட்டேனா என்ற எண்ணம் வேறு. பாவம், இனிமேலாவது ஓடட்டும் என்று அன்று சாயங்காலமே அவிழ்த்துவிட்டேன். நேரே ஆட்டுப்பட்டிக்குள் பாய்ந்துவிட்டது. ஆடுகள் மிரண்டு ஓட, அது துரத்த, ஒரு வெள்ளாட்டுக் குட்டி செத்துப்போனது. அந்த நாய் தன் ஆயுளில் ஆட்டையே பார்த்ததில்லை. தப்பு என்னுடையது.

ஏன் அப்படி என்று சொல்கிறேன். நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம் வரைக்கும்தான் உலகத்தைப் பழகிக்கொள்கிறது. ஆடு, மாடு, கோழி, சைக்கிள், குழந்தை, தலையில் கூடை வைத்த ஆள், இதையெல்லாம் அந்த நாளில் பார்த்திருந்தால் பின்னால் பயம் இருக்காது. மாடியிலேயே கிடந்த குட்டிக்கு எல்லாமே புதுசு. ஒன்றைக் கண்டால் மிரளும், இல்லாவிட்டால் மேலே பாயும். அதன்மேல் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரைக்கும் விடலைப் பருவம். உடம்பு பெரிய நாய், புத்தி குட்டி. நம் வீட்டு விடலைப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நாலாம் நாள் இன்னொன்று நடந்தது. திண்ணையோரம் படுத்துத் தூங்கிய நாயை, "எழுந்திரு" என்று என் சம்சாரம் முதுகில் தொட்டாள். திரும்பிக் கையைக் கவ்விவிட்டது. ரத்தம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி உண்டு. முதல் நாள், பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று கணக்கு சொல்வார்கள். புண் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் சேர்த்துக் கேளுங்கள். கடித்த நாயைக் கொல்லாமல், கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அதுவரை பார்க்கலாம் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி கண்டுவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்தில்லை.

ஊசி போட்டுக்கொண்டு வந்த என் சம்சாரம், நாயைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குக் காது கேக்கலைங்க" என்றாள். சோற்றுத் தட்டைத் தட்டினால் மற்ற நாய்கள் ஓடி வருகின்றன. இது அவை ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுகிறது. நான் பின்னால் நின்று குண்டானைத் தட்டிப் பார்த்தேன். காது மடல்கூட அசையவில்லை.

ராஜபாளையம் நாயில் பிறவிச் செவிடு உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. உட்காதில் நிறம் கொடுக்கும் அணுக்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடுகிறது. சிலதுக்கு ஒரு காது மட்டும் கேட்காது, அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். செவிட்டு நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுத்தான் கடிக்கும். "ஆளைப் பிடிக்குது" என்று பேர் வாங்கிய நாய் சொன்ன பேச்சையே கேட்காததல்ல, எந்தச் சத்தத்தையும் கேட்காதது. முன்னே வளர்த்தவர்கள் சொல் கேட்கவில்லை என்று அடித்திருக்கிறார்கள், கையை ஓங்கினாலே சுருண்டு படுத்தது.

அதனால் வெள்ளை நாயை வாங்குமுன் காதைச் சோதியுங்கள். அது வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னாலிருந்து பாத்திரத்தைத் தட்டுங்கள். தரை அதிரக் கூடாது, நம் கைக்காற்றும் நிழலும் அதன்மேல் படக் கூடாது. அதிர்ச்சியைக் கொண்டே சில நாய் திரும்பிவிடும், நாம் ஏமாந்துபோவோம்.

பிறகு என்ன செய்தேன்? முதலில் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய ஊசிச் சீட்டு இல்லாததால் வெறிநாய் தடுப்பூசியை முதலிலிருந்து போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் போட்டார் டாக்டர். இப்போது வருஷம் ஒருமுறை. பூச்சிமருந்து கொடுத்து, உண்ணிக்கும் மருந்து பார்த்தோம். பின்னால் கருத்தடையும் செய்தாயிற்று.

பழக்கியது நீளக் கயிற்றில்தான். இருபதடிக் கயிறு, அகலமான கழுத்துப்பட்டை. பட்டிக்கு எட்ட, ஆடு கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து, அது ஆட்டை விட்டு என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கருவாட்டுத் துண்டு. மறுநாள் நாலடி கிட்டே. உறுமினால் திட்டாமல் நாலடி பின்னால் போய்விடுவேன். காது கேட்காததால் எல்லாம் கை ஜாடை: உள்ளங்கையைக் காட்டினால் நில், தொடையில் தட்டினால் வா. எழுப்ப வேண்டுமானால் எட்ட நின்று காலைத் தரையில் இரண்டு தரம் உதைக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது பாடமாக வேண்டும், விருந்தாளி உள்பட. நாயின் கழுத்தில் ஒரு சலங்கை கட்டினோம். அதற்குக் கேட்காது, அது எங்கே இருக்கிறது என்று நமக்குக் கேட்கும்.

ஆட்டைக் கண்டால் சும்மா படுக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் ஒரு நாள்கூட அவிழ்த்துவிடவில்லை, வீட்டில் ஒரு ஆள் அதன் பின்னாலேயே இருந்தோம். களையெடுப்பு நாளில் எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இப்படிப்பட்ட நாயை வாங்காதீர்கள். இதுதான் முதல் நாய் என்றாலும் வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஈன்ற குட்டியில் ஒன்றை எட்டு வாரம் ஆனபின் எடுத்து வளருங்கள். மோட்டார் ரூமில் கட்டிப்போட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர், தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள். ஆள் பார்க்காத நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு தெருநாய்க் கூட்டத்தில் சேர்ந்துவிடும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்ற செய்தியை 2024, 2025ஆம் ஆண்டுகளில் படித்திருப்பீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால், கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஏன் கொடுக்கிறீர்கள், யாரைக் கடித்தது, எப்போது, எந்த ஊசி போட்டிருக்கிறது? நான் இதில் பாதியைக் கேட்கவில்லை. ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் நாய் இப்போது தோட்டத்தில்தான் இருக்கிறது. ராத்திரி யாராவது வேலி தாண்டினால் தரை அதிர்விலேயே தெரிந்து எழுந்துவிடும். ஆனால் புதிதாக ஈன்ற குட்டிகள் பட்டியில் இருக்கும் நாளில் மட்டும் இன்றுவரைக்கும் அதைக் கட்டித்தான் வைக்கிறேன்.