பளபளப்பு வேண்டுமா? பொறுமை வேண்டும்!
பொம்மை விமானத்துக்குக் கண்ணாடி மெருகு ஏற்றுவது எப்படி?

பளபளக்கும் பட்டாசுப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலட்டையில் விரலை வைத்துத் தடவுங்கள். வழவழ என்று இருக்கிறது அல்லவா? அது காகிதத்தின் வழவழப்பு அல்ல. அச்சு மையின் வழவழப்பும் அல்ல. மைக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். அதுதான் மினுக்குகிறது.

இந்தப் பூச்சுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, படத்தை எடுப்பாகக் காட்டுவது. மற்றொன்று, படத்தைக் காப்பாற்றுவது. பெட்டியோடு பெட்டி உரசினாலும் மை அழியாது. ஈரக் கை பட்டாலும் எளிதில் கெடாது.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது. இன்று சிவகாசி அச்சகங்களில் இந்த மினுக்குப் பூச்சைப் புற ஊதா விளக்கின் கீழ் கண் மூடித் திறப்பதற்குள் காய வைத்துவிடுகிறார்கள்.

இதே வித்தையை வீட்டிலும் செய்யலாம். பிள்ளைகள் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் விமானம், கார், கப்பல் ஆகியவற்றுக்கு இப்படி மெருகு ஏற்றலாம். ஆனால் சாத்தூர்ப் பக்கத்தில் இதைச் செய்பவர்கள் வெயிலையும் நெருப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மாடல் என்றால் என்ன?

கடையில் விற்கும் சாதாரணப் பொம்மை வேறு. மாடல் வேறு. மாடல் என்பது உண்மைப் பொருளை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்தது. பெட்டியின் மேல் "1/72" என்று போட்டிருந்தால், உண்மை விமானத்தின் 72 அங்குலம் இங்கே ஓர் அங்குலம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் சுமார் 30 அடி நீளம். மாடலில் அது வெறும் 5 அங்குலம்!

இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1953-ம் ஆண்டு இந்த ஸ்பிட்ஃபயரை ஒட்டிச் செய்யும் மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் மரக்கடையாகத் தொடங்கிய தமியா கம்பெனி, 1960-ம் ஆண்டு யமாட்டோ என்ற போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாடலாக வெளியிட்டது. அந்தக் கம்பெனி இருக்கும் ஊர் சிசுவோகா. தீப்பெட்டிக்கு நம் பக்கம் எப்படியோ, மாடலுக்கு அந்த ஊர் அப்படி!

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

வைப்பாற்றில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது பாருங்கள். முகம் தெரியும். காற்று அடித்து அலை எழும்பினால் முகம் தெரியாது. தண்ணீர் அதே தண்ணீர்தான். மேற்பரப்புத்தான் மாறியது.

வண்ணப் பூச்சும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருந்தால், விழுகிற வெளிச்சம் நாலாபுறமும் சிதறும். பொருள் மங்கலாகத் தெரியும். தெளிந்த வார்னிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்குகிறது. வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. பளபளப்பு பிறக்கிறது.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். அடியில் உள்ள வண்ணம் சொரசொரப்பாக இருந்தால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த வார்னிஷ் பூசினாலும் பயன் இல்லை. சுவர் கோணலாக இருக்கும்போது சுண்ணாம்பு அடித்து என்ன லாபம்?

லேபிளுக்கும் இது வேண்டும்

விமானத்தின் இறக்கையில் எண், சின்னம் முதலியவை இருக்கும். இவை மெல்லிய லேபிள்கள். தண்ணீரில் ஊறப் போட்டு, நழுவவிட்டு ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு அந்த இடம் வெள்ளி போலப் பளிச்சென்று தெரியும். சின்னம் ஒட்டியது போலவே இருக்கும். எழுதியது போல இராது.

தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிப் பழகிய தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடியில் காற்று நின்றால் லேபிள் உப்பும் என்பது அவர்கள் கைக்கே தெரியும்.

எனவே வரிசை இதுதான்: முதலில் வண்ணம், பிறகு மெருகு, அதன் மேல் லேபிள், லேபிளைக் காக்க மறுபடி மெருகு. காருக்கு அதோடு முடிந்தது. போர் டாங்கிக்கும் போர் விமானத்துக்கும் கடைசியாக மினுக்கம் இல்லாத வார்னிஷ் ஒன்றைப் பூசிப் பளபளப்பைக் குறைக்க வேண்டும். போர்க்களத்தில் எதிரி கண்ணில் படும்படி எந்த டாங்கியும் மினுக்குவதில்லை!

மூன்று வகை வார்னிஷ்

தண்ணீரில் கரைவது ஒரு வகை. இது அக்ரிலிக் வார்னிஷ். நெடி குறைவு. பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவலாம். பிள்ளைகளுக்கு ஏற்றது இதுதான். ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இரண்டாவது, எனாமல் வார்னிஷ். நன்றாகப் பரவும். ஆனால் காய்வதற்குப் பல நாள் ஆகும். நாளாக ஆக மஞ்சளிக்கவும் செய்யும்.

மூன்றாவது, லாக்கர். தின்னரில் கரைவது. சீக்கிரம் காயும், கடினமாக நிற்கும், கண்ணாடி போல ஜொலிக்கும். ஆனால் நெடி தலையைச் சுற்றும். அடியில் எனாமல் வண்ணம் இருந்தால் அதைச் சுருக்கி வெடிக்கச் செய்துவிடும்.

கார் பெயிண்ட் பட்டறைகளில் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் "டூ கே" வார்னிஷ் ஒன்று உண்டு. அதில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். தகுந்த முகமூடியும் காற்றுக் குழாயும் இல்லாத வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு வேடிக்கையான செய்தி! அமெரிக்காவில் தரைக்குப் பூசும் "ஃபியூச்சர்" என்ற திரவ மெருகை மாடல் செய்பவர்கள் பல ஆண்டுகள் விமானத்துக்குப் பூசி வந்தார்கள். விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியை அதில் அப்படியே முக்கி எடுப்பார்கள். மூடி தெளிந்து பளிச்சிடும். தரை மெழுகின் உள்ளே இருந்ததும் அக்ரிலிக்தான்!

செய்முறை

முதல் நாள்: வண்ணம் நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, முகர்ந்து பாருங்கள். நெடி இருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசை போக வேண்டும். சேவு தின்ற கையோடு மாடலைத் தொட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் ஒட்டாது!

சோதனை: உபயோகமில்லாத பிளாஸ்டிக் கரண்டி ஒன்றுக்கு அதே வண்ணத்தை அடியுங்கள். அதன் மேல் வார்னிஷைப் பூசிப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் சுருங்காமல் இருந்தால் மாடலுக்குப் போகலாம். இரண்டு ரூபாய்க் கரண்டி, இரண்டு வார உழைப்பைக் காப்பாற்றும்.

பூசுதல்: பீச்சும் டப்பாவாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். 6 முதல் 8 அங்குலத் தூரத்தில் பிடியுங்கள். மாடலுக்கு வெளியே தொடங்கி, மாடலைத் தாண்டிச் சென்று கையை நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே வழிந்துவிடும். முதல் இரண்டு பூச்சு பனி படிந்தது போல லேசாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே 10, 15 நிமிடம் விடுங்கள். மூன்றாவது பூச்சு மட்டும் பரப்பு ஈரமாகத் தெரியும் அளவு இருக்கலாம்.

பிரஷ் என்றால் மிருதுவான, தட்டையான பிரஷ் வேண்டும். ஒரே திசையில் இழுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். கெட்டியாகப் பூசினால் கார், பாகில் விழுந்த பண்டம் போல ஆகிவிடும்.

காய வைத்தல்: உடனே ஓர் அட்டைப் பெட்டியால் மூடுங்கள். தூசி விழாது. சீக்கிரம் காய வேண்டும் என்று மின்விசிறியைப் போடாதீர்கள். விசிறி காற்றை மட்டும் அனுப்புவதில்லை. வீட்டுத் தூசியையும் அனுப்புகிறது. லாக்கர் என்றால் ஒரு நாளாவது தொடக் கூடாது. எனாமல் என்றால் ஒரு வாரம் விடுங்கள்.

மெருகு தீட்டல்: இன்னும் பளபளப்பு வேண்டுமா? 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். பிறகு காருக்குப் போடும் பாலீஷை, பழைய மெல்லிய வேட்டித் துணியால் தேய்த்துத் துடையுங்கள். ஓரங்களில் அழுத்தாதீர்கள். அங்கே பூச்சு மெல்லியது, வண்ணம் பெயர்ந்துவிடும்.

வெயிலும் மழையும்

வெளிநாட்டுப் பெட்டிகளில் எழுதியிருக்கும் முறை குளிர் நாட்டுக்கு எழுதியது. கரிசல் பூமிக்கு அப்படியே பொருந்தாது.

சித்திரை வெயிலில் நடுப்பகலில் பீச்சினால், துளிகள் மாடலைத் தொடும் முன்பே வழியில் காய்ந்துவிடும். பரப்பு மணல் தூவியது போல ஆகும். ஐப்பசி மழை நாளில் வேறு தொல்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. தெளிந்த வார்னிஷ் பால் போல வெளுத்துவிடுகிறது! வெளுத்துப்போனால் மனம் தளர வேண்டாம். உலர்ந்த நாள் வரும்வரை பொறுத்து, மேலே லேசாக இன்னொரு பூச்சு கொடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நம் ஊருக்கு ஏற்ற நேரம், பனி விலகி வெயில் ஏறாத காலை வேளை.

அரக்கு மாளிகையை மறக்காதீர்கள்!

தென்னாட்டுப் பிள்ளைகளுக்குப் பளபளப்பு புதிதல்ல. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமானை வைத்து விளையாடாத வீடு முன்பு உண்டா? கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் கட்டியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். அங்கே வண்ணமும் மெருகும் ஒன்றே. தின்னரும் இல்லை, நெடியும் இல்லை.

ஆனால் அரக்கு என்றதும் பாரதக் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகை பார்க்க அழகு, பற்றினால் நெருப்பு! மெருகு தரும் பொருள்களில் பலவற்றுக்கு அந்தக் குணம் இன்றும் உண்டு.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ, பூஜை விளக்கையோ, கொசுவர்த்திச் சுருளையோ தேடிப் போகும். பற்றினால் வந்த வழியே நெருப்பு திரும்பி வரும்.

நெருப்பின் குணத்தை நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெடி ஆபீசுக்குள் உரசல் கூடாது, தீப்பொறி கூடாது என்று கவனமாக இருக்கும் அப்பா, வீட்டுத் திண்ணையில் தின்னர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி பற்ற வைக்கலாமா?

ஆகவே இவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

பீச்சும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். பிள்ளைகள் பிரஷ்ஷும் தண்ணீர் வார்னிஷும் வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குள் பீச்சாதீர்கள். மொட்டை மாடியோ, திறந்த முற்றமோ நல்லது. அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

சாதாரணத் துணி முகமூடி தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், நெடியைத் தடுக்காது. நெடிக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

பீச்சும் டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். குளிர் நாட்டில் அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதுண்டு. நமக்கு அது தேவையே இல்லை. காலி டப்பாவையும் குத்தாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள்.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காய வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"இத்தனை நாள் இதற்கா?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அளவு, வரிசை, காத்திருத்தல் ஆகிய மூன்றையும் இந்த வேலை சொல்லித்தருகிறது. செலவும் பெரிதாக வேண்டாம். வெளிநாட்டு மாடல் விலை அதிகம் என்றால், மருந்து முக்காத தீக்குச்சிகளை ஒட்டி வீடு கட்டலாம், தேர் செய்யலாம். அதற்கும் இதே வார்னிஷ்தான்; இதே முறைதான்.

மூன்று மெல்லிய பூச்சுக்கு ஒரு காலைப்பொழுது போதும். அது காயும் வரை தொடாமல் இருப்பதுதான் கடினம். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளையின் கையில் எந்த வேலையும் பளபளக்கும்.